நித்திரையில் பழுதாகிற மெசின்

பெரியண்ணை லண்டனில் இருந்து ஒவ்வொரு மாரிக்கும் ஒரே கதைதான் கதைப்பார். "உந்தப் பழசை எறிஞ்சுபோட்டுப் புதுசொண்டு வேண்டு. காசு நான் அனுப்பிறன்." இதில் வேடிக்கை, அந்தப் பழசை அனுப்பியதே அவர்தான். 2002 இல், யுத்தத்தில் மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்த பிறகு, வெளிநாட்டில் இருந்தவர்கள் கடல்வழிப் பொதிகளில் எதை எதையோ போட்டு அனுப்பிய காலம் அது. பிள்ளைகளின் சைக்கிள், தையல் மெசின், யாழ்ப்பாணத்து வெயிலுக்குக் கம்பளிச் சட்டை. அண்ணை தன் வீட்டுத் தோட்டத்தில் பாவித்த புல்லு வெட்டும் மெசினைக் கழுவித் துடைத்து, கைபிடியை மடித்துக் கட்டி அனுப்பினார். வந்து இறங்கும்போதே அதற்கு நடுத்தர வயது.

பெற்றோலில் ஓடுகிற, தள்ளிக்கொண்டு போகிற மெசின். இரும்புத் தகட்டுக் கூடு, நாலு சின்னச் சில்லு, மேலே பிரிக்ஸ் அன்ட் ஸ்ட்ராட்டன் மூன்றரைக் குதிரைவலு எஞ்சின், இழுக்க ஒரு கயிறு. போன மாரி தொடங்கும்போது கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் நொந்ததுதான் மிச்சம். ஒரு இருமல்கூட வரவில்லை. திருத்துவதா, புதிது வாங்குவதா என்ற கேள்வியை அந்த முறை தள்ளிப்போட முடியவில்லை.

இந்தக் கேள்விக்கு எங்கே தேடினாலும் ஒரு கணக்குக் கிடைக்கும்: திருத்துகிற செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் புதிது வாங்கு. லண்டனுக்கு அது சரியான கணக்கு. அங்கே மெக்கானிக்கின் ஒரு மணித்தியாலக் கூலிக்கு எஞ்சினில் பாதியை வாங்கிவிடலாம். உதிரிப்பாகம் அடுத்த நாள் தபாலில் வாசலுக்கு வரும். இங்கே எல்லாம் மாறி நிற்கிறது. கூலி மலிவு, சாமான் விலை கூட, அதையும்விடச் சாமான் கிடைக்குமா என்பதே முதல் கேள்வி. 2022 இல் இருநூறு ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களிலேயே முந்நூற்று அறுபதுக்கு ஏறியது. கப்பலில் வருகிற எதன் விலையும் அதோடு ஏறியது, இங்கே கோண்டாவிலில் இருக்கிற மெக்கானிக்கின் கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. ஆகவே அந்தப் பாதி விலைக் கணக்கை நான் முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டேன்.

அதற்கு முதல் இன்னொரு கேள்வி இருக்கிறது. யாழ்ப்பாணத்து வளவில் புல்லுக்கு என்ன வேலை?

எங்கள் அம்மா காலத்தில் முற்றத்தில் ஒரு புல் நிற்காது. விடிய எழும்பினால் ஈர்க்கு விளக்குமாறு, சாணித் தண்ணி. வெள்ளை மணலில் விளக்குமாற்றுக் கோடு தெரியவேண்டும். எங்காவது அறுகு தலைகாட்டினால் உழவாரத்தால் செதுக்கி எடுப்பார்கள். தேவாரம் பாடிய அப்பர் கையில் இருந்த அதே ஆயுதம்தான், கோயில் வீதிக்கும் வீட்டு முற்றத்துக்கும் பொது. கோடிப்புறத்தில் வளர்கிற புல்லுக்கு ஆடு இருந்தது. புல்லு மூடின முற்றம் என்றால் ஆளில்லாத வீடு. 1995 ஒக்டோபரில் யுத்தத்துக்குப் பயந்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்குப் போய், அடுத்த வருசம் திரும்பி வந்தபோது, முற்றங்களில் இடுப்பளவுக்கு நின்ற புல்லையும் பத்தையையும் கண்ட ஆட்களுக்குப் புல் என்றால் இன்றைக்கும் அழகு இல்லை. என் மாமியார் இப்போதும் எங்கள் புல்லைப் பார்த்து "உதைச் செதுக்கிவிடன்" என்றுதான் சொல்லுவா.

புல்வெளி வெட்டுகிற மெசினை முதலில் செய்தவர் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர். ஸ்ட்ரவுட் ஊரில் கம்பளித் துணி ஆலைகள் நிறைய. துணியின் மேலே எழும்பி நிற்கிற மயிரை ஒரே மட்டத்துக்குச் சீவுகிற உருளைக் கத்தி மெசின் அங்கே இருந்தது. துணியைச் சீவுகிறது புல்லையும் சீவுமே என்று யோசித்து, 1830 இல் காப்புரிமை எடுத்தார். அதற்கு ஒரு வருசம் முதல், 1829 இல், யாழ்ப்பாணத்துக்கு அரசாங்க அதிபராக வந்தவர் பேர்சிவல் அக்லன்ட் டைக். 1867 இல் கோப்பாயில் சாகும்வரை பதவியில் இருந்தார். பழைய பூங்காவில் அவர் நட்டுவித்த மரங்களைப் பற்றி ஊரில் இன்னும் கதைப்பார்கள். மரம்தான் இந்த ஊருக்குப் பொருந்தியது, புல்வெளி இல்லை என்பது என் எண்ணம். இருந்தும் அண்ணையின் பங்கோடு சேர்த்து மூன்று பரப்பு (பதினாறு பரப்பு ஒரு ஏக்கர்) வளவு என் தலையில் விழுந்திருக்கிறது. மூன்று பரப்பை நாளும் கூட்டுவதற்கு இப்போது வீட்டில் ஆளில்லை. ஆடு வளர்க்கவும் ஆளில்லை. வெட்டாமல் விட்டால் பாம்பு, நுளம்பு, அயலவர் வாய். அதனால் புல்லு மெசின்.

சரி, மெசின் ஏன் பழுதாகிறது? இதைத்தான் நான் முதலில் பிடிக்கவேண்டி இருந்தது. இங்கிலாந்தில் மாசி பங்குனியில் தொடங்கி ஐப்பசி வரை புல் வளரும். கிழமைக்கு ஒருக்கால் மெசின் ஓடும். எங்களுக்கு வடகீழ்ப் பருவமழைதான் மழை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் புல் விழுந்தடித்து வளரும், தை கழிய மஞ்சளாகும், சித்திரையில் சருகு. அதாவது வருசத்தில் எட்டு மாதம் மெசின் மூலையில். அண்ணையின் மெசின் லண்டனில் ஓடி ஓடித் தேய்ந்தது கொஞ்சம்தான் என்றால், யாழ்ப்பாணத்தில் தேய்ந்தது அதைவிடக் குறைவு. இங்கே அது ஓடாமல் கிடந்தே பழுதானது.

ஓடாமல் கிடக்கிற எஞ்சினுக்கு என்னவெல்லாம் நடக்கும் என்று ஒரு ஆளுக்கு ஒரே நாளில் விளங்கவேண்டுமென்றால் யாழ்ப்பாணத்தில் ஒரு மெசினைக் கழற்றிப் பார்க்கலாம். பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற காபரேற்றரில் தங்கின பெற்றோல் ஆவியாகி, பிசின் மாதிரி ஒரு மண்ணிறப் படிவு துவாரங்களை அடைத்துவிடும். உப்புக் காற்றுக்குக் கூடு உள்பக்கமாய்த் துருப்பிடிக்கும். போன முறை ஒட்டின ஈரப்புல் காயாமல் அங்கேயே இருந்து துருவுக்குத் துணைபோகும். குளவி சைலன்சருக்குள்ளும், சிலிண்டரின் குளிர்த் தகடுகளுக்கு இடையிலும் மண்கூடு கட்டும். காற்றால் குளிர்கிற எஞ்சினுக்கு அந்தத் தகடுகளுக்கு இடையே காற்றுப் போகாவிட்டால் சூடேறிச் சிக்கிவிடும், ஆகவே குளவிக் கூட்டைப் பகிடியாக எடுக்கக்கூடாது.

2022 இல் எங்கள் மெசினுக்கு வந்தது இன்னும் நீண்ட நித்திரை. ஆனி மாதக் கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். அந்த விலைக்கும் வரிசையில் நின்றால்தான், அதுவும் கானில் தரமாட்டார்கள். பிறகு கியூஆர் வந்தது, வாகனத்துக்கு இவ்வளவு என்று அளந்தார்கள். புல்லு மெசினின் தாங்கியில் இருந்ததை ஒரு சொட்டு விடாமல் மோட்டார் சைக்கிளுக்கு உறிஞ்சி எடுத்தோம். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், அந்த வருசம் புல்லைவிட ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது முக்கியம். தாங்கி வெறுமையானாலும் காபரேற்றருக்குள் நின்றது நின்றுதான் காய்ந்திருக்கும்.

கோண்டாவிலில் ஒரு அண்ணை இருக்கிறார். பலகை இல்லை, பெயர் இல்லை, வேப்பமரத்துக்குக் கீழே ஒரு தகரக் கொட்டில். தண்ணி இறைக்கிற மெசின்தான் அவருடைய முதன்மைத் தொழில். வெங்காயத் தோட்டக்காரர் விடிய வந்து நிற்பார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் தொழில் படித்தவர். 1990 இல் தொடங்கிப் பெற்றோல், பற்றரி, சீமெந்து, வாகன உதிரிப்பாகம் எல்லாம் குடாநாட்டுக்குள் வராமல் நின்றபோது, மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னக் குப்பியில் கொஞ்சம் பெற்றோல் வைத்து, ரியூப்பால் காபரேற்றருக்கு ஒரு சொட்டுப் பிதுக்கி ஸ்ராட் எடுத்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. தண்ணி மெசின்களுக்கு அது புதிது இல்லை, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடத்தக்கதாகவே அவை செய்யப்பட்டிருந்தன. அந்த அறிவைத்தான் ஊர் முழுக்க மோட்டார் சைக்கிளுக்கும் ஏற்றியது. பிலாஸ்ரிக் பெட்டிக்குள் ஒறிஜினல் சாமான் வருகிற காலத்தில் தொழில் படித்த பெடியளுக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம், பழுது என்ன என்பதற்கும் எது கிடைக்கும் என்பதற்கும் இவர் ஒரே நேரத்தில் யோசிப்பார்.

மெசினை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"எவ்வளவு காலமாய்ப் படுத்திருக்கு?"

"போன மாசி தொட்டு அண்ணை. அதுக்கு முதலும் வடிவா ஓடேல்லை."

"நித்திரையில செத்த சாமான் தம்பி இது. வேலை செய்து சாகேல்லை. செத்ததோ, மயங்கிக் கிடக்கோ எண்டு முதல் பாப்பம். கயித்தை மெல்ல இழும்."

இழுத்தேன். ஓரிடத்தில் கை பின்னுக்கு இழுபட்டது. அவர் தலையை ஆட்டினார். கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் அமுக்கம், இருக்கிறது என்பதற்கு அந்த எதிர்ப்பு முதல் அடையாளம். கயிறு வெறுங் கயிறாய் வந்தால் வால்வு எரிந்திருக்கலாம், ரிங் தேய்ந்திருக்கலாம், சிலிண்டர் தலையின் காஸ்கற் போயிருக்கலாம். மூன்றில் எது என்றாலும் எஞ்சினைத் திறக்கவேண்டும், செலவுக் கணக்கு அங்கே மாறிவிடும். முதல் பத்து நிமிசத்தில் தெரிந்துகொள்ளவேண்டிய மிகப்பெரிய விஷயம் இதுதான்.

பிறகு பிளக். கழற்றி, வயரோடு சிலிண்டரில் தொடவைத்து இழுத்தால் நீலப்பொறி நன்றாக விழுந்தது. முனை இடைவெளி முக்கால் மில்லிமீற்றர் அளவில் இருக்கவேண்டும், அதுவும் சரி. பொறி வராதிருந்தால், பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற கொயிலைப் பார்க்கவேண்டி வந்திருக்கும். 1980 களின் தொடக்கத்துக்குப் பிறகு வந்த இந்த எஞ்சின்களில், திறந்து மூடிப் பொறியை விழுத்துகிற பொயின்ற் கிடையாது, எல்லாம் கொயிலுக்குள்ளேயே இலத்திரனியல். கொயிலுக்கும், தண்டோடு சேர்ந்து சுற்றுகிற பாரமான பறக்கும் சில்லுக்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி விடவேண்டும். அதை அளக்க அண்ணை வைத்திருப்பது ஒரு கலியாண அழைப்புக் காட்டின் துண்டு. தடிப்பு ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர், கணக்குப் பிழைக்காது.

மூன்றாவது, பிளக் துவாரத்துக்குள் ஒரு தேக்கரண்டி பெற்றோல். பிளக்கைப் பூட்டி இழுத்தார். மெசின் ஒரு கத்துக் கத்தி, கொஞ்ச நேரம் ஓடி, நின்றுவிட்டது. கொட்டிலுக்குள் நின்ற வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர் "ஆ, உயிரோடதான் இருக்கு" என்றார். பொறி சரி, அமுக்கம் சரி, பெற்றோல்தான் போய்ச் சேரவில்லை. இந்தச் சோதனைக்கு ஒரு ஸ்பனரும் தேக்கரண்டியும் போதும். புதிதா பழசா என்று வீட்டில் வாக்குவாதப்படுகிற ஆட்கள் இதைச் செய்துவிட்டு வாக்குவாதப்பட்டால் நல்லது.

இந்த எஞ்சினில் காபரேற்றர் பெற்றோல் தாங்கிக்கு மேலேயே இருக்கும். மோட்டார் சைக்கிளில் பெற்றோல் மேலே இருந்து தானாய் இறங்கும். இதில் கீழே இருந்து மேலே உறிஞ்சவேண்டும். உறிஞ்சுகிற வேலையைச் செய்வது உள்ளே இருக்கிற ஒரு மெல்லிய சவ்வு. பிஸ்ரன் கீழே போகும்போது வருகிற இழுவைக்கு அது ஆடி ஆடிப் பெற்றோலை ஏற்றும். அந்தச் சவ்வு பழசானால் விறைத்துப்போய் ஆடாது. எங்களுடையது பனையோலை போல் விறைத்திருந்தது. காபரேற்றரைக் கழுவி, துவாரங்களை மெல்லிய செப்புக்கம்பியால் குத்தி, காற்றடித்து எடுத்தார். சவ்வைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "காஸ்கற் எண்டால் காட்போட்டில வெட்டிப் போடுவன். உதை வெட்டேலாது. உதுதான் வேணும்" என்றார்.

இங்கே ஒரு சின்ன விலகல். மெசினைச் சரித்துவைத்துத் தகட்டைப் பார்த்த பிறகு ஸ்ராட் பண்ணினால் வெள்ளைப் புகை கும்மென்று வரும். "ரிங் போயிட்டுது, எறியுங்கோ" என்று சொல்லுகிற ஆட்கள் உண்டு. பெரும்பாலும் ரிங் ஒன்றும் போகவில்லை. பிழையான பக்கம் சரித்ததால் ஒயில் சிலிண்டருக்குள்ளும் காற்று வடிகட்டிக்குள்ளும் இறங்கியிருக்கும், எரிந்து முடியப் புகை நிற்கும். பிளக் மேலே பார்க்கிற மாதிரிச் சரித்தால் இந்த வில்லங்கம் குறைவு. ஆனால் சூடான பிறகும் நீலப்புகை நிற்காமல் வந்தால், ஒயில் குறைந்துகொண்டே போனால், அது தேய்மானம்தான். அயலில் ஒரு நல்ல மெசின் இப்படி ஒரு வெள்ளைப் புகைக்காகப் பழைய இரும்புக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, சவ்வு. யாழ்ப்பாணத்துக் கடைகளில் தண்ணி மெசின் சாமான் குவிந்து கிடக்கிறது. ஹொண்டா 1983 இல் ஜிஎக்ஸ் வரிசை எஞ்சினைக் கொண்டுவந்தது. பிறகு அதைப் பார்த்துச் செய்த சீனக் கொப்பிகள் உலகம் முழுக்க நிறைந்துவிட்டன. தண்ணி மெசின், ஜெனரேற்றர், சீமெந்து குழைக்கிற மெசின், எதைத் திறந்தாலும் அதே எஞ்சின். ரிங், வால்வு, காபரேற்றர், கொயில் எல்லாம் தட்டில் இருக்கும். நான் போன கடைத் தம்பி காபரேற்றர் ஒன்றை எடுத்து நீட்டி, "அண்ணை, உது எல்லாத்துக்கும் பொருந்தும்" என்றார். பொருந்தாது. தண்ணி மெசின் எஞ்சினில் சுழல்தண்டு கிடையாக வெளியே வரும், புல்லு மெசினில் நேரே கீழே வரும், அதன் நுனியில்தான் வெட்டுத்தகடு. ஒயில் தெளிக்கிற ஒழுங்கு, காபரேற்றர் நிற்கிற இடம், தாங்கி, எல்லாமே வேறு. ஜிஎக்ஸ் 160 இன் சிலிண்டர் விட்டம் 68 மில்லிமீற்றர், எங்களுடையது 65 ஐக் கொஞ்சம் தாண்டும், ஆகவே ரிங்கையும் மாற்றிப் போட முடியாது. கிடைத்தண்டு எஞ்சினைத் தூக்கி வைத்து வெல்ட் பண்ணலாம் என்று யோசிக்கிற மூளை எங்கள் ஊரில் உண்டு, அண்ணையும் ஒரு நிமிசம் யோசித்தார். பிறகு தானே சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

இங்கேதான் நித்திரைக் காலம் உதவிக்கு வந்தது. மெசினைப் பழுது பார்த்தது கார்த்திகையில். அந்த மாரிக்கு அதை நம்பமுடியாது என்று தெரிந்துவிட்டது. தோளில் கொழுவிக்கொண்டு வெட்டுகிற தோள் மெசின்காரரை வாடகைக்குப் பிடித்தோம். சவ்வு வந்தது அடுத்த நல்லூர்த் திருவிழாவுக்கு. வெளிநாட்டில் இருந்து சனம் வந்து இறங்குகிற ஆவணிதான் யாழ்ப்பாணத்து உதிரிப்பாகக் கப்பல். யாரோ ஒருவரின் சூட்கேசுக்குள், கோயிலுக்குக் கட்டுகிற பட்டு வேட்டிக்கு இடையில், இரண்டு சவ்வு, ஒரு பிளக், ஒரு காற்று வடிகட்டி ஸ்பொஞ்ச். நிறை ஒன்றும் இல்லை. லண்டனில் ஒரு கிழமை மெசின் இல்லாவிட்டால் புல் கணுக்காலுக்கு வரும். இங்கே மாசியில் கழற்றின மெசினுக்கு ஐப்பசி மட்டும் அவசரமே இல்லை. திருத்துவதற்கு எதிராக ஆட்கள் சொல்லுகிற பெரிய காரணம் "சாமான் வரச் சுணங்கும்" என்பது. வருசத்தில் எட்டு மாதம் சும்மா கிடக்கிற மெசினுக்கு அந்தக் காரணம் செல்லாது.

இடைப்பட்ட காலத்தில் பறக்கும் சில்லையும் கழற்றிப் பார்த்தார். அதைச் சுழல்தண்டோடு சரியான கோணத்தில் நிறுத்துவது ஒரு சின்னச் சாவித்துண்டு, வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்தது. வெட்டுத்தகடு கல்லில் அடிபட்டால் அந்தத் துண்டு நசிந்து, பொறி விழுகிற நேரம் பிசகி, எஞ்சின் உதைக்கும் அல்லது எழும்பாது. எங்கள் வளவுகளில் அடிபடக் கல்லுக்குப் பஞ்சமில்லை. அரை அடி தோண்டினால் சுண்ணாம்புக்கல், அதுவும் மழைக்கு மண் கரையத் தலையை நீட்டும். எங்கள் மெசினில் முந்தி யாரோ ஒருவர் அந்தத் துண்டுக்குப் பதிலாக இரும்பு ஆணியை அராவிப் போட்டிருந்தார். உறுதியாய் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார் போல. அண்ணைக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. அந்தத் துண்டு நசியாவிட்டால் அடி முழுக்கச் சுழல்தண்டுக்குத்தான் போகும். தண்டு வளைந்தால் அதை நிமிர்த்துகிற விளையாட்டு வேண்டாம், நிமிர்த்தின தண்டு பிறகு ஒரு நாள் முறிந்தால் தகடு எங்கே பறக்கும் என்று யாருக்குத் தெரியும்? தகட்டைக் கழற்றி, தண்டின் நுனிக்கு நேரே ஒரு ஆணியைப் பிடித்துக்கொண்டு கயிற்றை மெல்ல இழுத்துச் சுற்றவைத்தார். ஆணிக்கும் தண்டு மையத்துக்கும் இடையிலான தூரம் மாறவில்லை. தண்டு நேர். அந்த ஒரு சுற்றுக்குத்தான் நான் உண்மையில் பயந்துகொண்டு நின்றேன், ஏனென்றால் அது வளைந்திருந்தால் பெரியண்ணையின் பக்கம் சரியாகியிருக்கும்.

கடைசிச் சோதனை கூடு. ஸ்குறூ டிரைவரால் குத்திக் குத்திப் பார்த்தார். பின்பக்க விளிம்பில் இரண்டு இடத்தில் உள்ளே போனது. எஞ்சின் இருக்கிற மூன்று போல்ற்றைச் சுற்றிக் குத்தும்போது நானும் குனிந்து பார்த்தேன். அங்கே தகடு கெட்டி. விளிம்பு உக்கினால் தகடு வெட்டி ஒட்டலாம். எஞ்சின் இருக்கிற இடம் உக்கினால் ஒட்டு நிற்காது, அதிர்வுக்கு வெடிக்கும், அப்போது எஞ்சின் எவ்வளவு நல்லதாய் இருந்தாலும் பிரயோசனமில்லை. மருதனார்மடத்துப் பக்கம் ஒரு வெல்டிங் கடையில், படலை செய்த மிச்சத் தகட்டில் இரண்டு துண்டு வெட்டி ஒட்டித் தந்தார்கள். வடிவு இல்லை. உள்பக்கம் துரு எதிர்ப்புப் பூச்சும் அதன்மேல் கறுப்பு எனாமலும் அடித்தேன்.

எல்லாம் சேர்த்து, ஓட்டோக் கூலியோடு, புதிய மெசின் ஒன்றின் விலையில் கால்வாசிக்குள் முடிந்தது. அண்ணை கூலி என்று கேட்ட தொகையைச் சொன்னால் லண்டன்காரர் நம்பமாட்டார்கள். நான் கூட்டிக் கொடுத்தேன், ஒரு பகுதியைத் திருப்பித் தந்துவிட்டார். பழைய ஒயிலை மட்டும் அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். அவர் சேர்த்து வைத்து, பலகைக்குப் பூசுகிறவர்களுக்குக் கொடுப்பார். வீட்டில் கோடிக்குள் ஊற்றுகிற பழக்கம் எங்கள் ஆட்களுக்கு உண்டு. குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல், வெடிப்பு வெடிப்பாய் இருக்கும், மேலே ஊற்றுவது வடிகட்டுப்படாமல் கீழே கிணற்று ஊற்றுக்குப் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்து ஊரே தண்ணி பவுசரை எதிர்பார்த்து நின்ற காலம் இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. அரை லீற்றர் ஒயில்தானே என்று சொல்லக்கூடாத நிலம் இது.

தோள் மெசினைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதுதான் உண்மையான போட்டி. யாழ்ப்பாணத்தில் இப்போது புல்லு வெட்டு என்றால் பெரும்பாலும் அதுதான். இரண்டு ஸ்ரோக் எஞ்சின், பெற்றோலோடு ஒயில் கலக்கவேண்டும், முனையில் நைலோன் நூல் அல்லது தகடு. கல், வேர், வேலி ஓரம், மதில் ஓரம், எதற்கும் அசையாது. இடுப்பளவு புல்லையும் வீழ்த்தும். வாடகைக்கு ஆளோடு வரும், பழுதானால் அது அவருடைய தலையிடி. மெசினே இல்லாத ஒருவர் என்னிடம் புதிதாய் வாங்கவா என்று கேட்டால், வளவு இரண்டு மூன்று பரப்புக்குள் என்றால், வாங்கவேண்டாம், மாரிக்கு மூன்று நாலு தரம் ஆளைப் பிடியுங்கள் என்றுதான் சொல்லுவேன். பிழை என்னவென்றால் வெட்டு மட்டம் இல்லை, வெட்டின புல் சிதறும், கல் தெறித்துக் கண்ணுக்கும் கண்ணாடி யன்னலுக்கும் ஆபத்து. கண்ணாடி போடாமல் வெட்டுகிற பெடியளைக் காணும்போது எனக்கு வயிறு கலங்கும். தவிர, மழை விட்ட கிழமை எல்லாருக்கும் ஒரே நாளில் ஆள் தேவை. அவர் வரும்போது அடுத்த மழை வந்துவிடும்.

பற்றரி மெசின் வாங்கு என்றும் பெரியண்ணையின் மகன் சொன்னான். கயிறு இல்லை, பெற்றோல் இல்லை, சத்தம் இல்லை, உண்மைதான். ஆனால் எட்டு மாதம் சும்மா கிடக்கும் என்ற கதை பற்றரிக்கும் உண்டு. லிதியம் பற்றரியை வெறுமையாய் விட்டு வெக்கையான கொட்டிலுக்குள் மாதக்கணக்கில் போட்டால் அதுவும் கெடும். கெட்ட பற்றரியைக் கோண்டாவில் அண்ணையால் கம்பியால் குத்தித் துப்பரவாக்க முடியாது. அதன் விலைதான் மெசினின் விலையில் பெரும்பங்கு. இன்னும் பத்து வருசத்தில் கதை மாறலாம். இப்போதைக்கு அது எனக்கு வேண்டாம்.

புதிது வாங்கினால் எங்கே வைத்திருப்பேன்? அதே கொட்டில், அதே மூலை, அதே குளவி. ஆகவே மெசினை மாற்றுவதற்கு முதல் அது படுக்கிற முறையை மாற்றினேன். தையில் கடைசி வெட்டு முடிந்ததும் தாங்கியை வடித்து, மிச்சத்தை எஞ்சின் தானாய் நிற்கும்வரை ஓட்டி முடிப்பது. கூட்டின் உள்பக்கத்தைச் சுரண்டிக் கழுவி வெயிலில் காயவைப்பது. பிளக் துவாரத்துக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு இரண்டு தரம் கயிற்றை இழுத்து, எதிர்ப்பு வருகிற இடத்தில் நிறுத்திவிடுவது. அந்த இடத்தில் வால்வு இரண்டும் மூடியிருக்கும், ஈரக்காற்று உள்ளே போகாது. சைலன்சர் வாயில் ஒரு துணி அடைப்பது, ஐப்பசியில் அதை எடுக்க மறக்காமல் கைபிடியில் ஒரு சிவப்பு நூல் கட்டிவைப்பது. இவ்வளவும் ஒரு பின்னேர வேலை.

அடுத்த முறை தகடு கல்லில் அடித்துத் தண்டு வளைந்தால், அல்லது எஞ்சின் இருக்கிற இடத்தில் ஸ்குறூ டிரைவர் உள்ளே போனால், வாக்குவாதமில்லாமல் பெரியண்ணையின் காசை வாங்கிவிடுவேன். அப்போது கடையில் நான் முதலில் பார்ப்பது விலைச்சீட்டை இல்லை. கூடு அலுமினியமா என்று பார்ப்பேன், உப்புக் காற்றுக்கு இரும்பைவிட அது தாங்கும். பிறகு எஞ்சினின் பெயரையும் மொடல் இலக்கத்தையும் எழுதிக்கொண்டு, வாங்காமல் வெளியே வந்து, நேரே கோண்டாவிலுக்குப் போய் அண்ணையிடம் காட்டுவேன். "உதுக்குச் சாமான் எடுக்கலாம்" என்று அவர் சொன்னால் திரும்பிப் போய் வாங்குவேன். அந்த அண்ணைக்கும் வயது போகிறது. கொட்டிலில் அவருக்குக் கைகொடுக்கிற பெடியன் ஒருவன் இருக்கிறான், இந்த மாரிக்கு நான் போனபோது கலியாணக் காட்டை அவன்தான் பிடித்துக்கொண்டிருந்தான்.